அண்ணியின் மூக்கடைப்பு

என் அண்ணன் மனைவியை ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை தெரியாதவன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நேரில் ‘அண்ணி, வாங்க, போங்க’ என்று இருபது வருடம் கூப்பிட்டாயிற்று. காகிதத்திலாவது கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

அவளுக்கு நோயே பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும் என்று கேட்காதீர்கள். மற்றவர்களுக்குத் தங்கள் நோய் பிடிக்காது. இவளுக்கு அடுத்தவர் நோய் பிடிக்காது. குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தும்முவோம். மகளுக்கு மூக்கு ஒழுகும். மனைவிக்குக் காலையில் விரல்கள் மடங்காது. எனக்கு வலது தோள். பதினோரு வருடமாகப் பால் கேன் தூக்கிய தோள் அது. ராத்திரி எந்தப் பக்கம் படுப்பது என்று அதைக் கேட்டுத்தான் படுக்க வேண்டும். நாங்கள் இருமத் தொடங்கியதும் முன்னறையிலிருந்து குரல் வரும்.

“என்னமோ ஊர்ல யாருக்கும் வராத சளி இவங்களுக்கு மட்டும் வந்துட்ட மாதிரி! போர்வையை இழுத்துப் போத்திட்டுப் படுங்க, மத்தவங்க தூங்கணும்.”

அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. முன்னறை அவளுக்கு, பின்னறை எங்களுக்கு, நடுவில் ஒரே அடுப்படி. அண்ணனுடைய பழுப்பு ஸ்வெட்டரை அவள் குளிர்காலம் முழுக்கக் கழற்ற மாட்டாள். முழங்கையில் இரண்டு ஓட்டை. தைத்துத் தருகிறேன் என்று என் மனைவி கேட்டதற்கு, “உன் புருஷன் சட்டையில பட்டன் இருக்கான்னு முதல்ல பாரு” என்று பதில் வந்தது. அதற்கப்புறம் என் மனைவி எதையும் தைத்துத் தருகிறேன் என்று சொல்வதில்லை.

வீட்டோடு போயிருந்தால் சகித்திருப்பேன். வேலையும் ஒரே இடத்தில். பால் குளிரூட்டும் நிலையத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தவளே அவள்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது அதைச் சொல்லிக்காட்டுவாள். காலை ஐந்தரைக்கு வண்டிகள் வரும். நான் கேனை இறக்கி மேடையில் வைத்து மூடியைத் திறப்பேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி குனிந்து, கேன் வாயில் ஒரு தரம் மோந்து பார்ப்பாள். தலையை ஆட்டினால் பால் பெரிய தொட்டிக்குள் போகும். கையை ஆட்டினால் கேன் ஓரமாகப் போகும். மெஷின் பரிசோதனை எல்லாம் அப்புறம்தான். முதல் தீர்ப்பு மூக்குடையது.

பொய் சொல்லக்கூடாது, அந்த மூக்கு மூக்குதான். மாடு வெங்காயத்தாள் தின்றதா, கேனைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அலசாமல் விட்டார்களா, பாலை இரும்பு வாளியில் கறந்தார்களா, எல்லாம் சொல்லும். வண்டிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் ‘நாய்மூக்கு’ என்பார்கள். அது அவள் காதுக்கும் போனது. “நாய்க்கு நன்றி உண்டு. உங்களுக்கு அதுவும் கிடையாது” என்று ஒட்டுமொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மேடையில் உட்கார இருக்கும் ஒரே இடம் அதுதான். மற்ற எல்லோரும் எட்டு மணி நேரம் ஈரத்தில் நிற்க வேண்டும். இடுப்பு பிடித்தவன், முட்டி தேய்ந்தவன், தோள் போனவன் எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான். அவளுக்கு முன்னால் அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மோப்பம் பார்ப்பவருக்குச் சளி பிடித்தால் தானாகவே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அவர் ஒரு குளிர்காலத்தில் நல்ல பிள்ளையாகப் போய்ச் சொன்னார். நாலு நாள் அவள் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் மூக்கு தெளிந்து வந்தவருக்குக் கேன் கழுவும் இடத்தில் வேலை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் நின்றுவிட்டார். “சொல்லாம இருந்திருக்கணும், அசட்டு மனுஷன்” என்பதுதான் அவளுடைய இரங்கல்.

இன்னொரு விதியும் உண்டு. மேடையில் யாரும் தைலம் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது. அந்த வாடையில் மூக்கு செத்துப்போகும். நியாயமான விதிதான். ஆனால் ராத்திரி தோளில் தேய்த்ததை விடியற்காலை எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்? போன வருடம் ஒருநாள் நான் மேடை ஏறும்போதே அவள் எழுந்து நின்றாள்.

“யாரு தைலம்? நீதானே? போய்க் கழுவிட்டு வா.”

“கழுவிட்டுத்தான் அண்ணி வந்தேன்.”

“திரும்பக் கழுவு. தோள்வலி, தோள்வலின்னு ஒரு சாக்கு. எல்லாருக்கும்தான் வலிக்குது.”

வாசல் குழாயில், வாய் திறந்தால் புகை வரும் குளிரில், சட்டையைக் கழற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவினேன். வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றிலிருந்து அவளை நான் வெறுக்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த வருடம் குளிர் சீக்கிரமே வந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு ராத்திரி தோள் தாங்க முடியாமல் மனைவியைத் தைலம் தேய்க்கச் சொன்னேன். அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது நேரமாகிவிட்டது, கழுவாமல் ஓடினேன். மேடை ஏறியதும்தான் நினைவு வந்தது. இன்றைக்கும் குழாயடிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் மூடியைத் திறந்தேன். அவள் என் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்தாள். என்னிடமிருந்து வீசிய வாடைக்கு எனக்கே கண் எரிந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த கேன். தலையாட்டினாள். அதற்கடுத்தது.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கண் ஓரம் சிவந்திருந்தது. ஸ்வெட்டர் கழுத்தை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. நாய்மூக்கு அடைத்துவிட்டது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் முன்னறைக்குப் போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெந்நீர்ச் சட்டிக்கு மேல் குனிந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, மூக்கடைப்பா?”

“உனக்கென்ன?”

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும்ல. விதின்னு ஒண்ணு இருக்கே.”

துண்டு அசையவில்லை. “போய்ச் சொல்லு. ஸ்டூல்ல உன்னை உட்கார வைப்பாங்க. அதுக்குத்தானே வாசல்ல வந்து நிக்கிற?”

அது உண்மை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. “தனக்கு வந்தா தெரியும் தலைவலியும் காய்ச்சலும்னு சும்மாவா சொன்னாங்க” என்றேன்.

துண்டை விலக்கினாள். முகம் வெந்து சிவந்திருந்தது. “பழமொழி சொல்ல வந்தியா? சொல்லிட்டல்ல. கிளம்பு.”

நான் திரும்பினேன்.

“நில்லு” என்றாள். நின்றேன். “என்னால கழுவுற இடத்துல நிக்க முடியாது. ரெண்டு முட்டியும் போச்சு. மேற்கொண்டு எதுவும் கேட்காதே.” கொஞ்ச நேரம் வாயால் மூச்சு வாங்கினாள். “நீதானே மூடி திறக்கிற. திறக்கறப்பவே மோந்து பாரு. நல்லதுன்னா மூடியை மல்லாத்தி வை. கெட்டதுன்னா கவுத்து வை. மூக்கு சரியாகிற வரைக்கும்.”

ஏன் ஒத்துக்கொண்டேன்? நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருடத்தில் அவள் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ருசிக்காக ஒத்துக்கொண்டேன். ‘தயவுசெய்து’ என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மூன்று நாள் ஓடியது. இரண்டு கேனைக் கவிழ்த்துக் காட்டினேன், இரண்டுமே புளித்த பால். அவள் அலட்சியமாகக் கையை ஆட்டி ஓரங்கட்டினாள், தானே கண்டுபிடித்தது போல. எனக்கும் மோப்பம் வந்தது என்பது எனக்கே புதிது. ஆனால் மோப்பம் வேண்டுமென்றால் தைலம் கூடாது. அவள் மூக்கைக் காப்பாற்ற என் தோளைப் பட்டினி போட்டேன். மனைவி துணியைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். அது தோளுக்கு எந்த மூலைக்கு? மூன்றாம் ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிந்தது.

நாலாம் நாள் கேன் இறக்க நேரமானது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பின்னால் மூன்று வண்டி நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. சூப்பர்வைசர் வெளியே வந்து பார்த்தார். உடனே இவள் ஆரம்பித்தாள்.

“நடிப்பு போதும், சீக்கிரம் இறக்கு! தோளாம் தோளு. சினிமாவுல சேர்ந்திருந்தா இந்நேரம் பெரிய ஆளாகியிருப்ப.”

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். என் மூக்கை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு என் தோளைப் பழிக்கிறாள்! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அடுத்த கேன் மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய். குபீரென்று அடித்தது. யாரோ மண்ணெண்ணெய் வைத்திருந்த கேனைத் தெரியாமல் பாலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க மோப்பக்காரர்கூடத் தேவையில்லை, மூக்கு என்று ஒன்று இருந்தால் போதும்.

மூடியை மல்லாத்தி வைத்தேன்.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். பால் தொட்டிக்குள் விழுந்தது. ‘நிறுத்து’ என்று கத்த நேரம் இருந்தது. கேன் முழுதாகக் காலியாகும் வரை நேரம் இருந்தது. நான் கத்தவில்லை. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பார்கள். அன்றைக்கு நான் காவலும் இல்லை, தோழனும் இல்லை. பூனையே நான்தான்.

ஒன்பது மணிக்குப் பரிசோதனை அறைப் பெண் தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள், துப்பினாள். அவ்வளவுதான். தொட்டி முழுவதையும் திறந்துவிட்டார்கள். முற்றத்துச் சாக்கடையில் பால் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓடியது. அவளுக்கு நாலு திட்டு விழும் என்று நினைத்துத்தான் செய்தேன். இத்தனை வீட்டுக்காரர்கள் விடியும் முன்னே எழுந்து, குளிரில் கை விறைக்கக் கறந்தது இப்படிப் போகும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டேனா? தெரியவில்லை.

சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? சின்னக் குழந்தைகூடச் சொல்லுமே. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“சளி” என்றாள்.

“எத்தனை நாளா?”

“ஆறு நாளா.”

“ஏன் சொல்லல?”

அவள் ஸ்வெட்டர் கழுத்தை மேலே இழுத்துவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். “நீதானே மூடி திறக்கிற? உனக்கும் வாடை அடிக்கலையா?”

“அவனுக்கென்ன தெரியும்? மூடி திறக்கிறவன்” என்றாள் அவள். “மோந்து பார்க்கறது என் வேலை. தப்பு என்னோடது.”

மறுநாளிலிருந்து அவளுக்குக் கேன் கழுவும் இடம். ஸ்டூல் எனக்கு. நானாகக் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நெடுநேரம் யோசித்துவிட்டு முன்னறைக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டி, முட்டியில் சுடுதண்ணீர்த் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முட்டி இரண்டும் வீங்கி இருந்தன. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவற்றை நான் பார்த்ததில்லை.

“என்னை ஏன் மாட்டிவிடல?” என்றேன்.

“உன்னையும் சேர்த்து அனுப்பிட்டா வீட்டுல யாரு சம்பாதிக்கிறது? உலை வைக்கிறது ஒரே அடுப்புதானே. புத்தி இருந்தா இதைக் கேட்டுட்டு வருவியா?”

“நான் வேணும்னேதான் மல்லாத்தி வெச்சேன்.”

“தெரியும். சாக்கடையில பால் ஓடறப்பவே உன் மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.” துணியை அவிழ்த்து மறுபடி நனைத்தாள். “மூடியைத் திறந்தப்பவும் பார்த்தேன். அப்பவே உன் முகம் சுளிச்சுது.”

“பார்த்துட்டு எதுக்குத் தலையாட்டினீங்க?”

அவள் துணியைப் பிழிந்தாள்.

“தோள் வலிக்குதுன்னு நினைச்சேன்” என்றாள். “அப்பதான் திட்டியிருந்தேன். அந்த ஒரு தடவைதான், உனக்கு நிஜமாவே வலிக்குதுன்னு தோணிச்சு.”

நான் அவள் முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போ. கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது.”

சாத்திவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் முற்றத்தின் அந்தப் பக்கம் ஈரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் உட்காராமல் இருந்திருக்கலாம். தோள் வலித்தது. உட்கார்ந்தேன்.