துணிக்குப் பின்னால் பார்த்த படங்கள்

நான் விரும்பிப் பார்த்த படங்களில் கதாநாயகர்கள் அத்தனை பேரும் இடது கைக்காரர்கள். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எழுபதுகளில், ஏற்காட்டில் நாங்கள் வேலை செய்த எஸ்டேட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும், காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். துணிக்கு முன்னால் நாற்காலிகளில் முதலாளி குடும்பம், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் குடும்பம், முதலாளி வீட்டு நாய். துணிக்குப் பின்னால் தரையில் நாங்கள். நாய் நேராகப் பார்த்த படத்தை நாங்கள் இடம் வலம் மாறிப் பார்த்தோம். மாறியிருக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

எழுத்தெல்லாம் திரும்பியிருந்திருக்குமே என்பீர்கள். எங்கள் கூட்டத்தில் எழுத்துத் தெரிந்த மகராசி யார்? இடது கையால் எழுதியதற்கு வாத்தியாரிடம் வாங்கிய அடியில் நானே இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுதப் படித்ததெல்லாம் பின்னாளில்தான்.

எல்லாப் படத்திலும் உயர்ந்த படம் எனக்கு ஒன்று உண்டு. கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. அழுகைதான் மூன்று மணி நேரம். ஆனால் அதில் மருமகள் இடது கையால் காப்பி நீட்டுவாள், மாமியார் முகம் சுளிக்காமல் வாங்கிக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். அந்த ஒரு மடக்குக் காப்பிக்காக அத்தனை அழுகையையும் பொறுத்துக்கொண்டேன். பீச்சாங்கைக்காரி என்று பக்கத்து ஊர் கிளியூர்வரை பெயர் வாங்கியவளுக்கு வேறென்ன வேண்டும்?

பதினெட்டு வயதில் சேலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துத் தொலைத்தது. காப்பியை வலது கையால்தான் நீட்ட வேண்டும் என்று ஒரு வாரம் பழகியிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், போச்சு! தம்ளர் இடது கையில் இருந்தது. அவருடைய அம்மா அதை வாங்காமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

என் அம்மா விடுவாளா?

“ஏனுங்க, சினிமாவுல பெரிய பெரிய ஊட்டுப் பொண்ணுங்களே இந்தக் கையிலதானுங்க காப்பி குடுக்கறாங்க. நீங்க பாத்ததில்லீங்களா?”

“எந்தச் சினிமாவுலங்க?”

அம்மா கதையைச் சொன்னாள். அந்தப் படத்தை அவர்கள் சேலத்துக் கொட்டகையில் இரண்டு தடவை பார்த்தவர்களாம். மாப்பிள்ளையின் அம்மா யோசித்தாள். படத்தை எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று கேட்டாள். அம்மா பெருமையாகச் சொன்னாள். அவ்வளவுதான், வந்தவர்கள் மொத்தப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையும்தான். பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டே போனார்கள். நல்லவேளை, காப்பியில் நான் எதையும் கலந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் அதே படம் மறுபடி வந்தது. நான் நேராக முன்பக்கம் போய் நாற்காலிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

ரைட்டர் குனிந்தார். “ஏங்கண்ணு, உங்க எடம் அந்தப் பக்கமல்லோ?”

“அந்தப் பக்கம் உக்காந்துதானுங்க என்ற கல்யாணமே நின்னு போச்சு.”

அவர் நிமிர்ந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். படம் ஓடியது. கதாநாயகன் வலது கையால் தின்றான், வலது கையால் கையெழுத்துப் போட்டான். மருமகளும் வலது கையால் காப்பி கொடுத்தாள், படுபாவி! என்னைப் போல உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று அத்தனை காலம் நம்பியிருந்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாதிப் படத்தில் எழுந்து பின்பக்கம் போனேன். அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

“அங்க என்ன கண்ணு பாத்த?”

“அல்லாரும் சோத்தாங்கைதாம்மா. நெசமாலுமே.”

அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்ப அவங்க வேற படம் பாக்கறாங்க சாமி. நீ நம்ம படத்தைப் பாரு.”