காற்றைத் தப்பாகச் சொன்ன மேனேஜர்

1954-இல் பிரெஞ்சு சிப்பாய்கள் கப்பலேறுவதற்கு முன் ஆடிய கடைசிக் கால்பந்துப் பந்தயத்தில் அவர்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர் குருசுக்குப்பத்து இருசப்பன். வெறுங்காலோடு. தோற்ற சிப்பாய் ஒருவன் அவர் பாதத்தைத் தூக்கி, உள்ளே இரும்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தானாம். இரண்டு வருஷம் கழித்து அதே கால் முட்டியில் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. கட்டுமரத்தில் குந்தவும் முடியாது, பந்துக்குப் பின்னால் ஓடவும் முடியாது. அவர் மனைவி சொர்ணம் மீன்கூடை தூக்கினாள். அவர் குப்பத்துப் பையன்களான எங்களை ஓர் அணியாகச் சேர்த்துக்கொண்டு மேனேஜர் ஆனார்.

நாங்கள் அவரை மதித்தோம் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை அவருடைய விசிலுக்குள் நான் மணலை அடைத்து வைத்தேன். ஊதினார். சத்தம் வரவில்லை. தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொறுமைய பந்துல காட்டுங்கடா" என்றார், அவ்வளவுதான்.

வருஷா வருஷம் போட்டியில் ஆடியும் கோப்பை மட்டும் வரவில்லை. 1959-இல் குப்பத்து நாட்டாமை இராமதாஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தோத்தா, நீங்க ஆடுற எடத்துல வலை காயப் போடுவோம். நீ பொண்டாட்டியோட கூடை தூக்கப் போ."

இறுதிப் பந்தயம் ஒரு மில் அணியோடு. அவர்கள் எல்லோர் காலிலும் பூட்ஸ். கடலோரத் திடல், ஒரு கோல் கடல் பக்கம், இன்னொன்று ஊர்ப் பக்கம். ஆனி மாசத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. பூவா தலையாவில் எங்கள் கேப்டன் கலியபெருமாள் ஜெயித்தான். கடல் பக்கம் அடித்தால் பாதி வேலையைக் காற்றே பார்த்துவிடும். ஆனால் ஓரத்தில் நின்ற இருசப்பன் கையை ஆட்டினார்: ஊர்ப் பக்கம் அடி.

கலியபெருமாள் அவரிடம் ஓடினான்.

"அண்ணே, வெயில்ல மூளை கலங்கிடுச்சா?"

"போடா. அஞ்சு நிமிஷத்துல கச்சான் செத்துடும். கடல்லேருந்து கொண்டல் ஏறும். தண்ணி நெறத்தப் பாரு."

கடலில் வளர்ந்தவர் சொல்கிறார், நம்பினோம். கொண்டல் வரவில்லை. நான் உதைத்த பந்து திரும்பி என்னிடமே வந்தது, சத்தியமாக. பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம்.

"யோவ், காத்து எப்ப வருதாம்? நாளைக்கா?" என்று கூட்டத்திலிருந்து சொர்ணம் கத்தினாள்.

இடைவேளையில் அடி விழும் என்று குனிந்து உட்கார்ந்திருந்தோம். இருசப்பன், "தப்பு எம்மேல. உங்க மேல ஒண்ணுமில்ல" என்றார். இரண்டு கோலைவிட அதுதான் எனக்குப் பெரிய இடி. அதுவரை எந்தப் பெரிய மனுஷன் வாயிலிருந்தும் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. தண்ணீர்ச் செம்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பக்கம் மாறினோம். இனிக் கச்சான் எங்கள் முதுகில். ஆட்டம் தொடங்கியதுதான் தாமதம், கச்சான் செத்தது. கொண்டல் கடலிலிருந்து கிளம்பி எங்கள் மூஞ்சியிலேயே அறைந்தது. திடலே சிரித்தது. இருசப்பன் தலையில் கை வைத்தார். பிறகு நொண்டிக்கொண்டே கோட்டோரமாக வந்து கத்தினார்:

"பந்து முட்டிக்கு மேல எழும்பக் கூடாது! தரையிலயே தள்ளு! கிட்ட கிட்ட குடு!"

காற்று தங்களுடையது என்று மில்காரர்கள் வானத்துக்கு உதைத்தார்கள். ஒவ்வொரு பந்தும் எங்கள் கோலைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. நாங்கள் எறும்பு மாதிரி தரையோடு ஊர்ந்தோம். ஒன்று. இரண்டு. மூன்றாவதை எங்கள் பாலகுரு தட்டினான். கோப்பை எங்களுக்கு.

"ஆடித் தொலைங்கடா. வலைய வேற எங்கயாவது காயப் போடுறோம்" என்றார் இராமதாஸ்.

அடுத்த இரண்டு வருஷமும் கோப்பை எங்களுக்கே. அன்று வாங்கிய இரண்டு கோலும் இருசப்பன் போட்ட திட்டம்தான், அவர் காற்றைக் கணக்குப் பண்ணுகிறவர் என்று ஊர் முழுக்கப் புளுகியது நான்தான். 1962-இல் டவுன் அணிக்கு மேனேஜர் தேடியவர்கள் அவரைக் கூப்பிட்டு, பிரெஞ்சு மரியாதையில் "முசே இருசப்பன், அந்தக் காத்து ரகசியத்தக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

"ரகசியம் ஏதுங்க? தப்பாச் சொன்னேன். பசங்க காப்பாத்துனாங்க."

எவ்வளவு அடக்கமான மனுஷர் என்று அசந்துபோய், அன்றைக்கே சம்பளம் பேசி எடுத்துக்கொண்டார்கள்.