பஸ் ஓடாத மாதங்கள்

கொரோனாவில் நின்றுபோன பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின இல்லையா, அந்தச் சமயம்தான் என் வீட்டுக்காரிக்கு மறுபடி காது கேட்காமல் போனது.

எங்கள் வீடு உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வாசலில் பஸ், தக்காளி லாரி, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப். எதைக் கேட்டாலும் அவள் தலையை ஆட்டுவாள். செவிடு என்று முடிவு கட்டியிருந்தோம். மகன் தேனியில் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். “பஸ்ஸத் தூக்கிக் காதுக்குள்ள விட்டமாதிரி இருக்குப்பா” என்று கழற்றி வைத்துவிட்டாள்.

பஸ் நின்ற அந்த மாதங்களில் ரோட்டில் நாய் நடந்தால்கூடக் கேட்டது. ஒருநாள் வழக்கம்போலக் கத்தினேன்.

“ஏத்தா, தண்ணி கொண்டா!”

“எதுக்கு இப்பிடிக் கத்துறீக? எனக்கென்ன காதா போச்சு?”

அப்புறம் தினமும் பேச்சுத்தான். அவள் பிறந்த ராயப்பன்பட்டிக் கோயில் திருவிழா, எங்களை முட்டிய செவலை மாடு, எல்லாம் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

“கல்யாணமான புதுசுல சுருளிக்குக் கூட்டிப்போயி, அத்தன பேருக்கு முன்னால என்னையத் திட்டினீகளே, எதுக்கு?”

“நா எங்க திட்டினேன்? கொலுசு கழலுதுன்னேன். அருவிச் சத்தத்துல கத்தாம எப்பிடிச் சொல்றது?”

அவள் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்கா மூஞ்சிய அப்பிடி வச்சுக்கிட்டீக? நா கொலுசையும் விட்டுட்டு, வீடு வர்ற வரைக்கும் அழுதேனே.”

இன்னும் எத்தனை இப்படிக் கிடக்கிறதோ என்று நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பாதிக் கதையில் ஹாரன் அடித்தது. அவள் முகம் மூடிக்கொண்டது. திரும்பவும் தலையாட்டல்.

கட்டிலைப் பின்கட்டில் தேங்காய் போட்டுவைக்கும் அறைக்கு இழுத்துப்போனேன். அங்கே ரோட்டுச் சத்தம் எட்டாது. மருமகள் சிரித்தாள்.

“என்ன மாமா, இந்த வயசுல தனிக்குடித்தனமா?”

“ஆமாத்தா. வாடக கேட்டுறாத.”

அங்கே உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்தாள்.

ஆனால் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் இன்னும் ரோட்டு வாசலிலேயே அவளை நிறுத்தி வைத்துக் கத்துகிறார்கள். அவள் தலையாட்டுகிறாள். கிழவிக்குப் புத்தி மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். அந்தப் பேச்சு ஊரில் பரவுகிறது. மகனும் நம்பத் தொடங்கிவிட்டான். எங்கள் ஆட்கள் யாரையாவது பார்த்தால் சொல்லிவிடுங்கள்: பின்கட்டுக்கு வந்து உட்காரட்டும், மெதுவாகப் பேசட்டும். அவளுக்கு எல்லாம் விளங்குகிறது.