மூக்கால் துண்டித்த அழைப்பு

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். பத்தொன்பது வருடமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறேன். நான் மட்டும் இன்னும் தரைத்தளத்திலேயே இருக்கிறேன். விசிட்டிங் கார்டில் 'கம்பெனி' என்று போட்டிருப்பதில் மொத்தம் மூன்று பேர். நான், என் மனைவியின் தம்பி, புகார்களைக் கேட்டு எழுதிவைக்கும் என் மனைவி. என் பெயருக்குக் கீழே 'நிர்வாக இயக்குநர்' என்று இருக்கும். அதை நானேதான் போட்டுக்கொண்டேன்.

ஆறு லிஃப்ட் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தின் வருடாந்திரப் பராமரிப்பு எங்களுக்குக் கிடைக்கும்போல் இருந்தது. அது மட்டும் கிடைத்துவிட்டால், வேலை கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குவது நிற்கும். பேசப் போன அன்று அந்தக் கட்டடத்தின் மேனேஜர் தன் மெல்லிய கண்ணாடிப் போனை மேஜைமேல் வைத்தார். நானும் என்னுடையதை வைத்தேன். பட்டன் போன். மூலையில் இன்சுலேஷன் டேப். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

"மொதல்ல ஒரு லிஃப்டை சர்வீஸ் பண்ணிக் காட்டுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மானம் போய்விட்டது.

அன்று சாப்பாட்டு மேஜையில் விவாதம்.

"பிசினஸ் பண்றவன் கையில இந்த டப்பாவா? டச் போன்னா அதுல ஈமெயில் பாக்கலாம், வயரிங் படத்தைப் பெருசாக்கிப் பாக்கலாம். மீட்டிங்ல வச்சா ஒரு மரியாதை" என்றேன்.

"மீட்டிங் மாசத்துக்கு ஒண்ணு. மத்த நாளெல்லாம் கையுறையும் கிரீஸுமாத்தானே இருக்கீங்க? அந்தக் கையால அமுக்கினா டச் போன் வேலை செய்யுமா?" என்றாள் மனைவி.

"அதை அமுக்கவே வேணாம். தடவினாப் போதும்" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல.

மைத்துனன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வேணாம் மாமா. இப்ப இருட்டுல பாக்காமலே ரெண்டை அமுக்கறீங்க, எனக்கு அடிக்குது. அதுல ரெண்டு எங்க இருக்கும்?" என்றான்.

எங்கள் வேலையே அந்த இரண்டில்தான் ஓடுகிறது. அவன் உச்சியில் உள்ள மோட்டார் அறையில் நிற்பான். நான் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்திருப்பேன். சட்டைப்பைக்குள் கையுறையோடு விரலை விட்டு இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் அவனுக்கு மணி அடிக்கும். அந்தப் போனைக் கண்ணால் பார்த்து அழுத்தியதாக எனக்கு நினைவே இல்லை.

ஆனால் என் ஜம்பம் யார் பேச்சைக் கேட்டது? கடையில் விற்பனைப் பெண், "பெரிய பெரிய பிசினஸ்காரங்க எல்லாம் இதுதான் சார் வாங்கறாங்க" என்றாள். முதல் 'பெரிய'வுக்கே நான் விழுந்துவிட்டேன். என் எண்ணைப் புதுப் போனுக்கு மாற்றிக்கொண்டு, பழையதை ஏதோ ராஜ்யத்தையே எழுதிக் கொடுக்கிறவன்போல மனைவிக்குக் கொடுத்தேன். அவள் தன் சிம்மை அதில் போட்டுக்கொண்டாள். புதியது என் முகத்தைப் பார்த்தால் திறக்கும். மூன்று நாள் அது திறக்கிறதா என்று பார்ப்பதே எனக்குத் தொழிலாக இருந்தது.

சர்வீஸ் நாள் வந்தது. அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்டுகள் ஒரே குழிக்குள் அக்கம்பக்கமாக ஓடும். ஒன்றை நிறுத்திவிட்டு அதன் கூரைமேல் உட்கார்ந்து கம்பிகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். குறிப்பிட்ட நேரத்தில் என் லிஃப்டின் மின்சாரத்தை அணைக்கும்படி மைத்துனனிடம் சொல்லியிருந்தேன். மேலே சுவிட்சுகளில் எண்ணை யாரோ மாற்றி ஒட்டியிருந்தார்கள். அவன் பக்கத்து லிஃப்டை அணைத்துவிட்டான். இறங்கிக்கொண்டிருந்த பெட்டி எனக்கு நான்கடி தள்ளி டக்கென்று நின்றது.

"யாராவது இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மேனேஜரின் குரல்.

சட்டைப்பைக்குள் விரலை விட்டேன். எங்கே தொட்டாலும் வழவழவென்று கண்ணாடி. வெளியே எடுத்தேன். முகமூடியும் கரியுமாக இருந்த என்னை யாரென்றே தெரியாது என்றது. கையுறையைக் கழற்றினேன், உள்ளேயும் கிரீஸ் ஊறியிருந்தது. தடவினேன். கேமரா திறந்தது. அதில் என் மூஞ்சி தெரிந்தது. நிர்வாக இயக்குநர்!

அப்போது போன் அலறியது. மேனேஜர்தான், நான்கடி தூரத்திலிருந்து. முகமூடியின் புண்ணியத்தில் என் உடம்பில் சுத்தமாக இருந்தது மூக்கு ஒன்றுதான். முகமூடியை இறக்கி, மூக்கால் பச்சையைத் தள்ளினேன். பட்டது சிவப்பில். அழைப்பு துண்டாகிவிட்டது.

"மணி இங்கதானே அடிச்சுது! கட் பண்றீங்களா?"

"நான் பண்ணல சார், மூக்கு சார்" என்றேன். ஒரு வியாபாரி இதைவிடக் கேவலமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. மேலே பார்த்து, "மாப்ளே! மாப்ளே!" என்று கத்தினேன். மோட்டார் அறையின் விசிறிச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

இரண்டு நிமிடம் இருக்கும். யார் செய்த புண்ணியமோ, பக்கத்துப் பெட்டியில் விளக்கு எரிந்தது. அது கீழே இறங்கியது.

நானும் இறங்கி வந்தேன். மேனேஜர் வேர்த்து வழிய நின்றுகொண்டிருந்தார். கையில் என் விசிட்டிங் கார்டு. வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

"இந்தக் கார்டுல இருந்த ரெண்டாவது நம்பருக்கு அடிச்சேன். ஒரு அம்மா உடனே எடுத்தாங்க. எந்த லிஃப்ட்னு கேட்டாங்க. கதவைத் தொறக்கப் பாக்காதீங்க, தம்பிகிட்ட சொல்றேன், ரெண்டே நிமிஷம்னாங்க. அதே மாதிரி வந்துடுச்சு. யாரு அவங்க?"

"எங்க ஆபீஸ்..." என்று இழுத்தேன். அப்புறம் வெட்கத்தை விட்டு, "என் மனைவி சார்" என்றேன். பழைய போனில் இரண்டாம் எண்ணில் மைத்துனன் அப்படியே இருந்திருக்கிறான். அவள் அதை அழுத்தியிருக்கிறாள்.

"ஒப்பந்தம் உங்களுக்குத்தான். ஆனா லிஃப்டுக்குள்ள ஒட்டற அவசர நம்பர் அவங்களோடதா இருக்கட்டும். உங்களுது வேணாம்."

சந்தோஷப்படுவதா அசடு வழிவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். வீட்டுக்கு வந்து பழைய போனைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன்.

"இது பிசினஸ் போனுங்க. உங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள்.

மறுவாரம் புதுக் கார்டு அடிக்க அச்சகத்துக்குப் போனேன். அவள் பெயருக்குக் கீழே 'நிர்வாக இயக்குநர்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர் என் பெயரைக் காட்டி, "இதுக்குக் கீழ என்ன போட?" என்றார்.

"மெக்கானிக்."

"போன் நம்பர்?"

"அவங்க நம்பரே போதும்."