கண்ணூறு பட்ட கார்

எங்கள் ஊரில் முதல் கார் என்னுடையது. மலாயாவில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய ஒருவர், அடுத்த ஒழுங்கைக்குப் புதுக் காரோடு வந்து சேர்ந்ததிலிருந்து என் நிம்மதி போயிற்று. என் காரின் முன்கண்ணாடிக்கு வெளியே இருந்த பெற்றோல் தாங்கியின் மூடியில், அவர் கண்ணூறு படாமலிருக்க, வெள்ளிதோறும் சந்தனம் அப்பினேன்.

பிறகுதான் கோளாறு தொடங்கியது. ஊருக்குள் ஒழுங்காக ஓடும் கார், காங்கேசன்துறை வீதியில் வேகமெடுத்தால் விக்கும், இழுக்காது. சற்று நிறுத்தினால் சரியாகிவிடும். பிளக்கை மாற்றினேன், காபரேற்றரைக் கழுவினேன். எல்லாம் அவர் கண்தான் என்று சந்தனத்தையும் கூட்டினேன்.

ஒருநாள் மல்லாகத்துக்குக் கிட்ட கார் நின்றேவிட்டது. பின்னால் வந்து இறங்கியவர் அவரேதான். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகித் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

“தம்பி, மூடியிலை காத்துப் போற ஓட்டையைச் சந்தனம் அடைச்சுப்போட்டுது. பிறகெப்பிடிப் பெற்றோல் இறங்கும்?”

ஈர்க்கால் குத்திச் சந்தனத்தை எடுத்தார். எஞ்சின் உடனே ஓடத் தொடங்கியது.

“நல்ல எஞ்சின். இது ஆரின்ரை கார், தம்பி?”

“என்ரைதான்” என்றேன்.

“ஓ, உம்மிட்டையும் கார் இருக்கோ?”

இத்தனை மாதமும் அவர் காரை நான் பார்க்காத நாளில்லை. என் காரை அவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.