நைனா என்னிடம் பேசாமல் இருந்த எட்டு மாதங்கள்

இந்த நினைவு மலரை வாங்கி, முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மடித்து வைக்கப் போகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக் கொடு என்று தம்பி கேட்டான். நல்லதை எழுதுகிறேன். அதோடு நிறுத்திக்கொள்ள என்னால் ஆகாது.

நைனா பிறந்தது ஆரம்பாக்கத்தில். அவரைப் பெற்றவர்கள் பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நிலக்கரி அள்ளிப் போடும் ஆளாகச் சேர்ந்தார். அங்கேயே பாய்லர் வேலை பழகி, மூன்று முறை தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கி, பாய்லர் ஆபரேட்டராக ஓய்வு பெற்றார். முந்தைய ஷிப்ட்காரர் “எல்லாம் சரியாகீது” என்று சொன்னதை நம்பி ஒருநாளும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. தானே போய்த் தண்ணீர் மட்டத்தைப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடுவார். சக தொழிலாளிகள் இதற்காக அவரைக் கேலி செய்ததும் உண்டு.

அம்மா போனபோது நான் பத்தாவது, தம்பி ஏழாவது. மறுகல்யாணம் செய்துகொள்ளச் சொன்ன உறவினர்கள் சிலர் இதையும் படிப்பீர்கள். அவர் செய்துகொள்ளவில்லை. ஷிப்ட் முடித்து வந்து சோறு வடித்துப் போட்டார். கையில் நீராவி பட்டுக் கொப்பளித்த ஒரு தடவை, கட்டுப் போட்ட நர்ஸம்மா வலிக்காமல் போட்டாராம். அன்றைக்கே என்னை நர்சிங் படிக்க வைப்பதென்று முடிவு கட்டிவிட்டார். முதலாண்டு விடுமுறையில் வந்து, “பீடியை விடு நைனா, நுரையீரல் கெட்டுப்போவும்” என்றேன். கையிலிருந்ததை அப்படியே கீழே போட்டு மிதித்தார். அதன்பின் தொடவே இல்லை. “பாப்பா சொல்லிச்சு” என்றால் அவருக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. இதை உறவுக்காரர் எல்லாரும் அறிவீர்கள். தம்பியும் அறிவான்.

ஓய்வு பெற்ற பிறகும் முதல் ஷிப்டுக்கு எழுகிற நேரத்துக்கே எழுவார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சைக்கிளில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குப் போவார். கூடவே வேலை பார்த்த தேசப்பன் மாமாவும் வந்துவிடுவார். பத்து மணி வரை இருவரும் ஊர் நியாயம் பேசுவார்கள். “இன்னா நைனா, இன்னிக்கு எந்த ஷிப்டு?” என்று நான் போனில் சீண்டினால், “ஜெனரல் ஷிப்டு பாப்பா” என்று சிரிப்பார்.

நான் திருவள்ளூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் முதியோர் பராமரிப்புப் பாடம் நடத்துகிறேன். முதுமையைப் பற்றிப் பல கோட்பாடுகள் இருக்கின்றன. வயதானவர் தாமாகவே மற்றவர்களிடமிருந்து மெல்ல ஒதுங்குவார், அது இயல்பு என்கிறது விலகல் கோட்பாடு. இல்லை, கை கால் ஓடும் வரை வேலையும் மனிதர்களும்தான் அவரைத் தெம்பாக வைத்திருக்கும் என்கிறது செயல்பாட்டுக் கோட்பாடு. நடுவயதில் எப்படி வாழ்ந்தாரோ அப்படியே தொடரத்தான் விரும்புவார் என்கிறது தொடர்ச்சிக் கோட்பாடு. முதலாவதைப் பலர் என்றைக்கோ மறுத்துவிட்டார்கள் என்பதையும் நானேதான் பலகையில் எழுதுகிறேன். “எந்தக் கோட்பாடாக இருந்தாலும் பெரியவரிடமே கேளுங்கள், கூட வந்தவரிடம் கேட்டு எழுதாதீர்கள்” என்று மாணவிகளை அதட்டுவதும் நான்தான்.

ஒரு மழைக்காலக் காலையில் ரயில்வே கேட் அருகே நைனா சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அடுத்த மாதம், நைனாவோடு ஒரே வீட்டில் இருந்த தம்பி போன் செய்தான்.

“அக்கா, நைனா முன்ன மாதிரி இல்லக்கா. வெளியவே போவ மாட்டேங்கிறாரு. ஆரு கூடவும் பேசறதில்ல. ஊட்டுலயே குந்திக்கினு கீறாரு.”

நான் ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தேன். “வயசாச்சுன்னா அப்பிடித்தாண்டா. அவங்களே ஒதுங்கிக்குவாங்க. பேஜார் பண்ணாத, அவர் போக்குல விட்ரு” என்றேன்.

“புக்குலயே போட்டுகீதாக்கா?”

“போட்டுகீது.”

போனை நைனாவிடம் கொடு என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

மாதம் ஒருமுறை வந்து பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். “சாப்டியா நைனா?” என்றால் “ம்” என்பார். “கால் வலிக்குதா?” என்று கேட்டால், “நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே” என்பார். முதுமையில் வருகிற எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அது போதாதென்று வகுப்பில் அவரையே உதாரணமாகச் சொன்னேன். விலகல் எப்படி இருக்கும் என்பதற்கு என் தகப்பனார். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். சே, நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நடக்காத காலில் சதை கரைந்தது. பிறகு படுக்கை. பிறகு நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். நான் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவ்வளவோடு போய்விட்டார்.

கருமாதி அன்று பந்தலில் தேசப்பன் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏம்மா, நீ அவ்ளோ கண்டிசனா சொல்லியிருக்கத் தேவயில்ல” என்றார்.

“நான் இன்னா சொன்னேன் மாமா?”

“மூணு வாட்டி வந்தேன். கேட்டாண்டயே நிக்க வெச்சிட்டான் உன் தம்பி. ‘அக்கா சொல்லிகீது, வெளிய போவக் கூடாது, ஆரையும் பாக்கக் கூடாது’ன்னான். ஒருவாட்டி ஜன்னலாண்ட நின்னு பேசினேன். ‘எம் பொண்ணே என்னை மூலையில குந்த வெச்சிட்டா தேசா. படிச்சவ, எதுனா காரணம் இருக்கும்’னாரு உங்க நைனா. அப்பகூட உன்னை விட்டுக் குடுக்கல.”

தம்பியைத் தனியே இழுத்துப் போனேன். அவன் மறைக்கவில்லை.

“சைக்கிளைப் பூட்டி மாடியில போட்டேங்கா. நானும் எம் பொண்டாட்டியும் ஷிப்டு போய்ட்டா ஊட்ல ஆரு கீறாங்க? மறுபடி ரயில்வே கேட்டாண்ட போய் விழுந்தா? அவர் சேக்காளிங்க வந்தா இஸ்துக்கினு போய்டுவாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு. உன் பேரைச் சொன்னேன், கேட்டுக்கினாரு.”

“அப்ப என்னாண்ட ஏண்டா அவரே போவ மாட்டேங்கிறாருன்னு சொன்ன?”

“பூட்டினேன்னு சொன்னா நீ திட்டுவ. ஆனா நீயே, ஒதுங்குறது சகஜம், புக்குலயே போட்டுகீதுன்னியா... சரி, நாம பண்ணது தப்பில்லன்னு விட்டுட்டேங்கா.”

அவன் பயந்தது நியாயம்தான். ஆனால் என் பெயரைச் சொல்லி என் தகப்பனை அடைத்து வைத்தது துரோகம். அதை வேறு வார்த்தையால் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் நான் முதுமை என்று எண்ணியது கோபம். மகள் தனக்கு இப்படிச் செய்துவிட்டாளே என்ற கோபம். அதைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தம்பி சொன்ன பொய்க்கு என் படிப்புதான் முத்திரை குத்திக் கொடுத்தது.

இனி நன்றி. ஆஸ்பத்திரியில் நைனாவைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகு புண்ணாகாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கு நன்றி. ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய தம்பி மனைவிக்கு என் இரு கை கூப்பிய நன்றி. அந்தப் பெண் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மூன்று தடவை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டும் கோபம் பாராட்டாமல் பாடைக்குத் தோள் கொடுத்த தேசப்பன் மாமாவுக்கு நன்றி. தம்பிக்கு நன்றி எழுதக் கை வரவில்லை. அச்சுக்குப் போகுமுன் இதைப் படித்துவிட்டு, “இத எடுத்துடலாமாக்கா?” என்றான். “எடுத்தா என் பேரையும் எடுத்துடு” என்றேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவன் எடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவனுக்கும் நன்றி.

உறவில் பலர், வீட்டுப் பெரியவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் எனக்குத்தான் போன் செய்கிறீர்கள். இனியும் செய்யுங்கள். ஆனால் போனை முதலில் அந்தப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். அவர் குரலைக் கேட்காமல் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நைனா, உங்களை வீட்டில் அடைத்து வைக்கும்படி நான் சொல்லவே இல்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் ஒருவருக்கு மட்டும் சொல்லியிருக்க வேண்டிய வரி இது. அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா