மஞ்சள் பை இல்லாத வாழ்க்கை வரலாறு

போன வருடம் நான்காம் வகுப்பு ஸ்ரீஹரி முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்துகொண்டு மேடையேறினான். ஒரு கவிஞரின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒரே மூச்சில் ஒப்பித்தான். ஒப்பித்து முடித்த அதே கம்பீரத்தில், "மறக்காம பெல் பட்டனை அழுத்துங்க" என்றும் சொல்லிவிட்டு இறங்கினான். அரங்கமே கைதட்டியது. அவன் அம்மா எழுந்து நின்று வீடியோ எடுத்தாள். ரூபீனா டீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அவளுடைய வகுப்புப் பையன் அவன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில், பெரிய வீடுகளுக்கு நடுவே தானும் ஒரு வீடு போல ஒடுங்கி நிற்கும் பள்ளிக்கூடம் அது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அங்கே வாழ்க்கை வரலாற்று நாள் உண்டு. ஸ்டேஷனரிக் கடையில் ஒரு தாள் கிடைக்கும். முன்பக்கம் தலைவர் படம், பின்பக்கம் அவர் வரலாறு. அதை வாங்கி, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கூடவே ஊட்டிவிடுவார்கள். சில வீடுகளில் தாளுக்குப் பதில் யூடியூப். வேஷம் வாடகைக்குக் கிடைக்கும். ஒரே தலைவர் வரிசையாக நான்கு முறை மேடையேறி, நான்கு முறையும் ஒரே வாக்கியத்தில் இறந்துபோவார். அதை வேடிக்கையாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம். ரூபீனாவால் முடியவில்லை.

காரணம் தரமணி. டீச்சர் டிரெய்னிங் முடித்து வேலை கிடைக்காமல், அவள் சில வருடங்கள் அங்கே ஒரு கால் சென்டரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்முனையில் யார் என்ன சொன்னாலும் திரையில் பதில் தயாராக இருக்கும். ஒருநாள் ஒரு அம்மாள், கணவர் இறந்துவிட்டார், அவர் பேரில் இருக்கும் இணைப்பை நிறுத்த வேண்டும் என்றார். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று திரையில் இருந்ததைப் படித்தாள் ரூபீனா. அந்த அம்மாள், "வேற என்னம்மா வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மாதத்தோடு வேலையை விட்டாள். மனப்பாடக் குரல் எங்கே கேட்டாலும் அவளுக்கு அந்த ஹெட்செட் காதை அழுத்தும்.

இந்த வருடம் டிசம்பரிலேயே தலைமையாசிரியை பங்கஜத்தின் அறைக்குப் போய் நின்றாள்.

"என் கிளாஸுக்கு மட்டும் வேஷம் வேண்டாம் மேடம். பசங்க அவங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரைப் பேட்டி எடுத்து, யூனிஃபார்ம்லயே வந்து, அவங்க சொந்த வார்த்தையில பேசட்டும்."

பங்கஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொழந்தைகள் மீசை வெச்சுண்டு வந்தாத்தானே ரூபீனா அழகா இருக்கும்? ஃபோட்டோல நன்னா விழணும். அதைப் பார்த்துட்டுத்தான் அட்மிஷனுக்கே வரா."

"இந்த ஒரு வருஷம் விட்டுப் பாருங்க மேடம். சரியா வரலேன்னா அடுத்த வருஷம் விக், மீசை எல்லாம் நானே அலைஞ்சு எடுத்துட்டு வர்றேன்."

"சொன்ன வார்த்தை மாறக்கூடாது" என்றார் பங்கஜம். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

வகுப்பில் ரூபீனா இரண்டு விதிகள் வைத்தாள். ஒருவரைப் பற்றி அவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. அவரை நன்றாகத் தெரிந்த இன்னொருவரிடமும் கேட்க வேண்டும். பேசும்போது கையில் தாள் கூடாது. நிற்பது, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்ப்பது, மறந்துபோனால் பயப்படாமல் மூச்சுவிட்டுத் தொடர்வது, எல்லாவற்றையும் தினமும் கடைசிப் பீரியடில் பழக்கினாள். யாராவது ஒப்பிக்கத் தொடங்கினால் கையைத் தூக்கி நிறுத்துவாள். "இது நீ சொல்றதா, வேற யாராவது சொல்றதா?" பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், கேன்டீன் மெனுவைப் படிக்கிறவனைக்கூட நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார்கள்.

பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வகுப்பில் விக், நம் பிள்ளைகளுக்கு மட்டும் யூனிஃபார்மா? பேட்டியாவது, நாங்கள் எழுதிக் கொடுக்கலாமா? எழுதிக் கொடுக்காதீர்கள் என்று ரூபீனா திரும்பத் திரும்பப் பதில் போட்டாள். 'ஓகே மிஸ்' என்று போட்டுவிட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கச்சேரி ரோட்டில் பள்ளிவாசலுக்கு அடுத்த சந்தில் அவள் வீடு. தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் கணவன் ஃபராஸ், அவள் ஃபோனும் கையுமாக அடுப்படியில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா ரூபி, பால் பொங்கிக்கினு கீது, நீ யாரோட சண்டை போட்டுக்கினு கீற? புள்ளைங்க மீசை வெச்சா உனக்கு இன்னா, வெக்காட்டி இன்னா?"

"உனக்குப் புரியாது."

"புரியுது. ஹெட்மாஸ்டரம்மாவுக்கும் புரிஞ்சா சரி" என்று அடுப்பை அணைத்தான்.

ஒத்திகையில் ஷண்முகப்ரியாவின் முறை வந்தது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வைரவனின் மகள். அப்பாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். "என் தந்தை வைரவன் அவர்கள், கையில் ஒரு மஞ்சள் பையுடனும் நெஞ்சில் தன்னம்பிக்கையுடனும் சென்னைக்கு வந்தார். யாருடைய உதவியும் இன்றி..."

ரூபீனா கையைத் தூக்கினாள். "ப்ரியா, இது நீ சொல்றதா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கடை ஆண்டுவிழா நோட்டீஸ்ல இருக்கு மிஸ்."

"அப்பாவைத் தெரிஞ்ச இன்னொருத்தர்கிட்ட கேட்டியா?"

"பெரியப்பா ஞாயித்துக்கெழமை வருவாங்க."

"கேளு. அவர் சொல்றதையும் சேர்த்துக்கோ."

அதற்குப் பிறகு ரூபீனா அவள் பேச்சை மறுபடி கேட்டுத் திருத்தவில்லை. திருத்தினால் அது தன் பேச்சாகிவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விழா நாளில் வைரவன் முதல் வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், பங்கஜத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைக் செட், பந்தல் எல்லாம் அவர் உபயம். அவருடைய கடையாட்கள் இரண்டு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வகுப்புகளின் மீசைகள் வியர்வையில் கழன்று விழுந்தன. பிறகு ரூபீனாவின் பிள்ளைகள் வந்தார்கள். பாதிப்பேர் வீட்டில் எழுதிக் கொடுத்ததையே ஒப்பித்தார்கள். ரூபீனாவின் கை தானாக உயர்ந்து, பாதியில் இறங்கியது. மேடையில் ஏறிய பிள்ளையை யார் நிறுத்துவது?

ஷண்முகப்ரியா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். "எங்க அப்பா ஒரு மஞ்சப் பையோட மெட்ராஸுக்கு வந்தாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு" என்று தொடங்கினாள். பிறகு மூச்சுவிட்டாள். எதிரே இருப்பவர்களைப் பார்த்தாள். "ஆனா பெரியப்பாகிட்ட கேட்டேன். பை இல்லையாம், பெட்டியாம். பெரியப்பாதான் கூட்டிட்டு வந்தாங்களாம். கடையும் அப்பவே இருந்துச்சாம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தைப் பாத்து பயந்து, ஊருக்குப் போறேன்னு அப்பா மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல போய் உக்காந்து அழுதாங்களாம். பெரியப்பா பரோட்டா வாங்கிக் குடுத்துத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்களாம். இப்பவும் கடைக்குப் புதுசா யாராவது ஊர்லேருந்து வந்தா, மொத நாள் அப்பாதான் அவங்களுக்குப் பரோட்டா வாங்கித் தர்றாங்க. ஏன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது."

அரங்கம் சிரித்தது. நல்ல சிரிப்புதான். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கடையாட்கள்தான் அதிகம் சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த மேடையில் ரூபீனா கேட்ட ஒரே வாழ்க்கை வரலாறு அது. அதே நேரத்தில் முதல் வரிசையில் வைரவனின் காதுமடல் சிவப்பதையும் பார்த்தாள்.

விழா முடிந்ததும் பள்ளி கேட் அருகே ரூபீனாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். பங்கஜம், வைரவன், அவர் கையைப் பிடித்தபடி ஷண்முகப்ரியா.

"புள்ளயச் சொல்லிக் குத்தமில்ல டீச்சர்" என்றார் வைரவன். "குடும்பத்து விஷயத்தக் கிண்டச் சொன்னது நீங்கதானாம்ல. என்னைய அழுதேன்னு மைக்குல சொல்லிப்புட்டா. கடப் பயலுக வீடியோவ அனுப்பிட்டானுக. நாளைக்கு நான் எப்படி அவனுகள அதட்டி வேல வாங்குறது?"

சொல்ல ரூபீனாவிடம் நிறைய இருந்தது. அந்தப் பரோட்டாவைப் பற்றி, அவரை இதைவிட மரியாதையாக யாரும் அறிமுகப்படுத்தியதில்லை என்பதைப் பற்றி. வாயைத் திறந்தாள். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம் சார்" என்றது அவள் வாய்.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பங்கஜம் திருப்தியாகத் தலையசைத்தார். ஷண்முகப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். குறும்பு எதுவும் இல்லாமல், வகுப்பில் கேட்பது போலவே கேட்டாள்: "மிஸ், இது நீங்க சொல்றதா?"

ரூபீனா அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

"இல்ல" என்றாள். "நீ தப்பா எதுவும் பேசல ப்ரியா. இன்னிக்கு எல்லாரையும்விட நல்லாப் பேசினது நீதான்."

"பாத்தீங்களா மேடம்?" என்று வைரவன் பங்கஜத்தின் பக்கம் திரும்பினார். மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி வண்டியைக் கிளப்பினார். கிளப்பியவர், காலை ஊன்றிக்கொண்டு, அவள் காதருகே குனிந்து எரிச்சலாகச் சொன்னது ரூபீனாவுக்கும் கேட்டது.

"பிளாட்பாரத்துல இல்லத்தா. ஓவர்பிரிட்ஜ் படியில. ஒங்க பெரியப்பாவுக்கு எதுதான் ஒழுங்கா ஞாவகம் இருக்கு?"

வண்டி திருப்பத்தில் மறைந்தது. உடனே ஓடிப்போய், அதையும் சேர்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சேர்த்துக்கொண்டு எங்கே பேசுவது?

"அடுத்த வருஷம் உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் போட்டுடறேன்" என்றார் பங்கஜம். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அப்புறம் அந்த விக், மீசை. மறந்துடாதீங்கோ."

மைக் செட்டுக்காரர்கள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ரூபீனாவின் காலடியில் ஒரு பஞ்சு மீசை, பசைப்பக்கம் மேலாகக் கிடந்தது. செருப்பில் ஒட்டிக்கொண்ட அதைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அப்படியே பஸ் ஸ்டாப் வரை நடந்தாள்.